சாரலுக்குத் தேதி இல்லை, கார்டுக்கு உண்டு

கிரெடிட் கார்டு வைத்திருந்தால் காசு மிச்சமாகுமா, கரையுமா? தென்காசி மாவட்டத்தின் வரவையும் செலவையும் முன்னால் வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்த கணக்கு.

ஜூன் முதல் வாரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மேகம் இறங்கினால் குற்றாலம் விழித்துக்கொள்ளும். பேரருவிக்குப் போகும் வழியெங்கும் நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான், அல்வா, துண்டு, ஈர உடை மாற்ற வாங்கும் லுங்கி, எண்ணெய் மசாஜ். ஐந்தருவி ரோட்டில் லாட்ஜ்கள் நிரம்பும். பிரானூர் பார்டரில் புரோட்டாக் கல் ராத்திரி முழுக்கச் சூடாகவே இருக்கும். ஆகஸ்ட் முடியும்போது கூட்டம் வடிந்துவிடும். பிறகு கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். புளியரை வழியாகச் சபரிமலைக்குப் போகும் வண்டிகளால் தை முதல் தேதி வரை இன்னொரு சின்ன சீசன். இந்த இரண்டு சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மீதி மாதங்களை ஓட்ட வேண்டும்.

இதே மாவட்டத்தில் வேறு மாதிரி வருமானமும் இருக்கிறது. மத்தளம்பாறையில் 2011-லிருந்து ஸோஹோ நிறுவனம் இயங்குகிறது. அங்கே வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதச் சம்பளம் கணக்கில் ஏறிவிடும். ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்களுக்கும் அப்படித்தான். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் அன்றாடம் காசு புரளும். கடையம், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு வாரக்கூலி.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி போன் வருகிறது: “சார், உங்களுக்கு லைஃப்டைம் ஃப்ரீ கார்டு அப்ரூவ் ஆகியிருக்கு.” நாட்டில் புழங்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024-ன் தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டிவிட்டது. பெருநகரங்களில் ஆள் பிடித்து முடித்த வங்கிகள் இப்போது தென்காசி மாதிரி ஊர்களைத் தேடி வருகின்றன. கார்டு நல்லதா கெட்டதா என்று மேடை போட்டுப் பேசலாம். அதைவிட, நம் வீட்டுக்கு வருமானம் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்தால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

கார்டு தருவது வாய்தா

கிரெடிட் கார்டு யாருக்கும் கூடுதலாக ஒரு ரூபாய் தருவதில்லை. இன்று கொடுக்க வேண்டிய காசைப் பின்னொரு நாளில் கொடுக்க வாய்தா தருகிறது, அவ்வளவுதான். அந்த வாய்தா எத்தனை நாள் என்பது இரண்டு தேதிகளைப் பொறுத்தது. ஒன்று, பில் போடும் தேதி. மற்றொன்று, பணம் கட்டக் கடைசித் தேதி.

உங்கள் கார்டுக்கு மாதம் 5-ம் தேதி பில் போடுகிறார்கள், 25-ம் தேதி கட்டக் கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். 4-ம் தேதி தென்காசியில் ஒரு மிக்ஸி வாங்கினால் அது மறுநாள் பில்லில் ஏறிவிடும். கையில் 21 நாள்தான். அதே மிக்ஸியை 6-ம் தேதி வாங்கினால் அடுத்த மாதம் 5-ம் தேதி பில்லில்தான் வரும்; அதற்கடுத்த 25-ம் தேதி வரை ஏறக்குறைய 50 நாள் வட்டியில்லாக் கடன். இரண்டு நாள் பொறுத்ததற்கு ஒரு மாத வாய்தா கிடைக்கிறது. கார்டைப் புழங்கத் தெரிந்தவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

சம்பளம் மாதக் கடைசியில் வருகிறவருக்குக் கடைசித் தேதி 5-ம் தேதி வாக்கில் அமைந்தால் வசதி. கையில் காசு இருக்கும்போதே கட்டிவிடலாம். பில் தேதியை வங்கி வைத்ததுதான் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும் உரிமையைக் குறைந்தது ஒரு முறையாவது வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. வங்கிச் செயலியிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ கேட்டால் போதும்.

மிச்சம் எவ்வளவு?

விளம்பரத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 25,000 ரூபாய்க்கு மளிகை, பெட்ரோல், மின் கட்டணம், மருந்து, போன் பில் எல்லாவற்றையும் கார்டில் போடும் ஒரு குடும்பம். கார்டு 1 சதவீதம் திருப்பித் தருகிறது. மாதம் 250 ரூபாய், வருடத்துக்கு 3,000. அந்த 25,000 ரூபாய் ஒரு மாதம் கூடுதலாகச் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தால், இரண்டரை சதவீத வட்டியில் மாதம் 50 ரூபாய் சொச்சம் சேரும். ஆக வருடத்துக்கு 3,600 ரூபாய். ஆண்டுக் கட்டணம் இருந்தால் அதில் 500, 600 போய்விடும். தீபாவளி தள்ளுபடி, ரயில் டிக்கெட் சலுகை என்று சேர்த்தாலும் நடுத்தரக் குடும்பத்துக்கு நேர்மையான மிச்சம் வருடத்துக்கு நாலைந்தாயிரம்தான். ஒரு எல்ஐசி தவணை கட்டலாம். குடும்பத்தோடு பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை போய் வரலாம்.

இப்போது ஒரே ஒரு தடவை கடைசித் தேதியைத் தவறவிட்டால் என்ன ஆகும்? தாமதக் கட்டணம் 1,000 ரூபாய் என்று வைப்போம். வட்டி கடைசித் தேதியிலிருந்து ஓடும் என்று நினைத்தால் தப்பு. ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். 25,000 ரூபாய்க்கு மாதம் 3.75 சதவீதம், சராசரியாக 35 நாள் என்றால் சுமார் 1,080 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி. கூட்டினால் ஏறக்குறைய 2,450 ரூபாய். பத்து மாதம் 250, 250-ஆகச் சேர்த்தது ஒரே பில்லில் போய்விட்டது.

ஆகவே கார்டில் மிச்சம் பிடிப்பது என்பது புள்ளிகளைத் துரத்துவதில் இல்லை. வருடத்தின் பன்னிரண்டு கடைசித் தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் இருப்பதில்தான் இருக்கிறது. அதற்கு நினைவாற்றலை நம்ப வேண்டாம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். அதைச் செய்யும்போது ஒரு இடத்தில் நிதானிக்க வேண்டும்: ‘முழுத் தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டவர்கள், மாதாமாதம் பணம் போகிறதே, கடன் ஏன் குறையவில்லை என்று பிறகு தலையைச் சொறிகிறார்கள்.

மூன்றே முக்கால் வட்டி

அது ஏன் குறைவதில்லை? ஒரு பில்லை எடுத்துக் கூர்ந்து பார்ப்போம். நிலுவை 40,000 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 2,000 ரூபாய். அதை மட்டும் கட்டுகிறார். அந்த மாத வட்டி 3.75 சதவீதத்தில் 1,500. அதற்கு ஜிஎஸ்டி 270. மொத்தம் 1,770 ரூபாய் வட்டிக்கே சரியாகிவிட்டது. அசலில் கழிந்தது 230 ரூபாய். இப்படியே கார்டைத் தொடாமல் ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினால் கையை விட்டுப் போன பணம் சுமார் 23,000 ரூபாய். நிலுவை அப்போதும் 37,000 ரூபாய்க்கு மேல் நிற்கும். இடையில் புதிதாக ஏதாவது வாங்கியிருந்தால் அதற்கு ஐம்பது நாள் வாய்தாவும் கிடையாது. பாக்கி வைத்தவர் வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி.

நம் பக்கத்தில் வட்டியை வருடச் சதவீதத்தில் யாரும் பேசுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதுதான் பேச்சு. ஒரு வட்டி, இரண்டு வட்டி, மூன்று வட்டி. அந்தக் கணக்கில் சொன்னால் பல கார்டுகளின் வட்டி மூன்றரை முதல் மூன்றே முக்கால். வருடத்துக்கு 42 முதல் 45 சதவீதம். மூன்று வட்டிக்குக் கடன் என்றால் வாசலிலேயே வேண்டாம் என்று சொல்கிறவர், அதைவிடக் கூடுதல் வட்டிக்கான அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

வட்டி என்ன செய்யும் என்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 அக்டோபர் 23-ம் தேதி, திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் நேர்ந்த துயரத்தில் ஒரு குடும்பத்தின் நான்கு உயிர்கள் போயின. அவர்களில் இருவர் சின்னக் குழந்தைகள். அந்தக் குடும்பத்தின் ஊரான காசிதர்மம், 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது இந்த மாவட்டத்துக்குள் வந்தது. அதீத வட்டியைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லேயே வந்திருந்தும் நடந்தது அது.

கார்டு நிறுவனம் கந்துவட்டிக்காரர் ஆகாது. அதற்கு விதிகள் உண்டு, புகார் செய்ய இடம் உண்டு. ஆனால் வட்டிக்கு உச்சவரம்பு? தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல், கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதத்தை ஒழுங்குபடுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை, ஆணையத்தின் வேலை இல்லை என்பது அதன் சாரம். ஆகவே 30 சதவீதம் என்ற வேலி இன்று இல்லை. வேலி போட்டுக்கொள்ள வேண்டியது நாம்தான்.

சீசன் கடைக்காரரின் கணக்கு

குற்றாலத்தில் கடை பிடித்திருப்பவர் மே மாதக் கடைசியில் சரக்கு எடுக்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கைக் கார்டில் எடுக்கிறார். ஜூன் பத்துக்குள் சாரல் பிடித்தால் ஜூலையில் கடைசித் தேதி வருவதற்குள் போட்ட காசு திரும்பிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் தென்மேற்குப் பருவமழை எப்போது வரும் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. மழை பிந்தினால் அருவி பாறையாகக் கிடக்கும். மழை மிஞ்சினாலும் நட்டம்தான். வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை போடுவார்கள், கூட்டம் பாதி வழியில் திரும்பிவிடும். 2024 மே 17-ல் பழைய குற்றால அருவியில் திடீரென்று பாய்ந்த காட்டாற்று வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதையடுத்து அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. உயிர்தான் முக்கியம், தடை சரியானது. அந்த நாட்களில் கடைக்காரரின் கல்லா காலியாகத்தான் இருந்திருக்கும். பில் தேதி மட்டும் தடைக்காகக் காத்திருக்காது.

ஒரு லட்சம் பாக்கி ஒரு மாதம் நின்றால் வட்டி 3,750, ஜிஎஸ்டி 675, ஆக 4,425 ரூபாய். அதே ஒரு லட்சத்தை ஆண்டுக்கு 9 சதவீத நகைக்கடனாக வாங்கியிருந்தால் மாத வட்டி 750 ரூபாய். முக்கால் வட்டி எங்கே, மூன்றே முக்கால் எங்கே! ஏறக்குறைய ஆறு மடங்கு. நகைக்கடனில் வருடம் முடியும் வரை பொறுக்கலாம், சீசன் நடுவில் பகுதியாகக் கட்டி வட்டியைக் குறைக்கலாம்.

வருமானம் வரும் தேதி தெரியாதவருக்கு, தேதி தவறினால் தண்டிக்கும் கடன் ஆகாது. சீசன் தொழில் செய்கிறவர் சரக்குக்குக் கார்டைத் தொடாமல் இருப்பதே மிச்சம். கார்டு வேண்டும் என்றால் வீட்டுச் செலவுக்கு, அதுவும் கணக்கில் ஏற்கெனவே இருக்கும் தொகைக்குள். வாரக்கூலிக் குடும்பங்களுக்கும் இதே அறிவுரைதான். நிரந்தர வைப்பில் பத்து, இருபதாயிரம் போட்டு அதன் பேரில் கார்டு வாங்கும் வழி இருக்கிறது. வைப்புக்கு வட்டி கிடைக்கும். கார்டு வரம்பும் அந்த வைப்புக்குள் அடங்கிவிடும்.

கடைத்தெருவில் கார்டு

ஊருக்குள் எங்கே நீட்டலாம், எங்கே மடக்கலாம்?

பெட்ரோல் பங்கில் கார்டு தேய்த்தால் 1 சதவீதம் கூடுதல் கட்டணம் ஏறும். பல கார்டுகள் அதைத் திருப்பித் தருகின்றன. அதற்குரிய ஜிஎஸ்டி திரும்ப வராது. பெட்ரோலுக்குப் புள்ளிகள் தராத கார்டுகளே அதிகம். ஆகவே நூறு, இருநூறு ரூபாய் பெட்ரோலுக்குக் கார்டு தேவையில்லை.

நகைக்கடையில் விலை பேசி முடித்த பிறகு, “கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் கூடும்ணே” என்பார்கள். ஒரு லட்சத்துக்கு 2,000 ரூபாய். உங்கள் கார்டு 1 சதவீதம் தந்தாலும் 1,000 ரூபாய் நட்டம். அங்கே வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டுவதே லாபம்.

வட்டியில்லாத் தவணை என்று போன் கடையில் தருவது முழுதாக இலவசம் ஆகாது. வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, அந்த வட்டி மேல் ஜிஎஸ்டியையும் செயலாக்கக் கட்டணத்தையும் உங்கள் தலையில் வைப்பார்கள். மொத்தமாகக் காசு கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும். மொத்த விலை எவ்வளவு, தவணை எல்லாம் கூட்டினால் எவ்வளவு என்று இரண்டு எண்களைக் கேட்டாலே உண்மை தெரிந்துவிடும்.

2022 செப்டம்பரிலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ செயலியில் இணைக்கலாம். பரோட்டாக் கடையிலும் சிப்ஸ் கடையிலும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து கார்டிலிருந்து கொடுக்க முடிகிறது. கடைக்காரர் வைத்திருப்பது வணிகர் கோடாக இருக்க வேண்டும். சொந்தக் கணக்குக்கான கோடாக இருந்தால் கார்டு வேலை செய்யாது. வசதிதான். ஆனால் இருபது ரூபாய் டீயும் கடன் கணக்கில் ஏறும்போது மாதக் கடைசியில் எதற்கு எவ்வளவு போனது என்றே புரியாது.

கார்டில் ஏடிஎம் பணம் எடுப்பதை மட்டும் மறந்துவிட வேண்டும். எடுக்கும்போதே கட்டணம், எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி. வாய்தா ஒரு நாளும் இல்லை.

கை ஏன் நீளுகிறது?

அமெரிக்காவில் எம்ஐடி கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். ஒரு பாதிப் பேர் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், மறுபாதி கார்டில் கொடுக்கலாம். கார்டுக்காரர்கள் கேட்ட விலை, ரொக்கக்காரர்கள் கேட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிக்கெட் ஒன்றுதான், மனிதர்களும் ஒரே மாதிரிதான். கையிலிருந்து நோட்டு போகிற வலி மட்டும் இல்லை.

ஒரு சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்று பத்து சதவீதம் கூடுதலாக வாங்கினால் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு நல்ல மருந்து: கார்டில் செலவு செய்த அன்று இரவே அதே தொகையை இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவது. 840 ரூபாய் மளிகை என்றால் 840 ரூபாய் நகர வேண்டும். கடைசித் தேதியன்று அந்தக் கணக்கிலிருந்து பில் கழியும். கணக்கில் நகர்த்தப் பணம் இல்லை என்றால், அந்தப் பொருளை வாங்க உங்களிடம் காசு இல்லை என்று அர்த்தம்.

பெரிய மிச்சம் எங்கே?

புள்ளிகளைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. அதை விளம்பரத்தில் காட்ட மாட்டார்கள். ஒழுங்காகக் கட்டும் ஒவ்வொரு பில்லும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களில் பதிவாகிறது. மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் வங்கி மரியாதையாகப் பேசும். வீட்டுக்கடனில் மதிப்பெண்ணைப் பார்த்து வட்டியைக் கூட்டிக் குறைக்கும் வங்கிகள் உண்டு.

தென்காசியில் வீடு கட்ட 25 லட்சம் கடன், 20 வருடம் என்று வைப்போம். 9 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 22,490. 8.5 சதவீதத்தில் சுமார் 21,700. மாதம் 800 ரூபாய் வித்தியாசம். 20 வருடத்தில் 1,90,000 ரூபாய்க்கு மேல். கார்டு புள்ளிகளில் இந்தத் தொகையைச் சேர்க்க ஆயுசு போதாது. கார்டு வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் செலவை வைத்துக்கொண்டு, ஒரு பில்லும் தவறாமல் சில வருடம் கட்டினால் போதும். உங்கள் மதிப்பெண் எப்படி இருக்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

பெட்டிச் செய்தி: கார்டுக்காரரின் உரிமைகள்

2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளிலிருந்தும் அதன் மற்ற உத்தரவுகளிலிருந்தும் தெரிந்திருக்க வேண்டியவை:

• கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. வந்த கார்டை 30 நாளில் இயக்கவில்லை என்றால், உங்கள் ஓடிபி சம்மதம் பெற வேண்டும். சம்மதிக்காவிட்டால் கட்டணமின்றி மூட வேண்டும்.

• பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.

• கடைசித் தேதி முடிந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம்; அதையும் கட்டாமல் நிற்கும் தொகைக்கு மட்டுமே கணக்கிட வேண்டும்.

• உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல், வெளியாள் மோசடியால் பணம் போனால், வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் மேல் விழாது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையது.

• மோசடி நடந்தால் உடனே 1930-ஐ அழைக்கலாம். வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448.

யாருக்குக் கார்டு?

போனில் கேட்கும் பெண் உங்கள் சம்பளத்தைத்தான் கேட்பார். அதைவிட முக்கியமான கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கடந்த பன்னிரண்டு மாதப் பாஸ்புக்கை எடுங்கள். சீசன் மாதங்களை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பிப்ரவரி, மார்ச் பக்கங்களையும் புரட்டுங்கள். ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒரு தேதியில், அந்த மாத வீட்டுச் செலவு முழுவதையும் கட்டும் அளவுக்குக் கணக்கில் பணம் இருந்ததா? பன்னிரண்டு மாதமும் இருந்தது என்றால் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் கடைசி நாள் வருகிற மாதிரி ஒரு கார்டு, ஒன்றே ஒன்று, வாங்கலாம். ஒரு மாதம் இரண்டு மாதம் விழுந்திருந்தால் முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பும் அளவுக்குச் சேமிப்பு வேண்டும். கார்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். பாதிக்கு மேல் பள்ளமாக இருந்தால் அந்த எண்ணை பிளாக் செய்துவிடலாம். வருடத்துக்கு நாலாயிரம் ரூபாய் மிச்சத்துக்காக மூன்றே முக்கால் வட்டியை வீட்டுக்குள் அழைக்கத் தேவையில்லை.